மூட்டு வீங்கும்போது: முதல் ஆறு மாதங்கள்



உங்கள் கடிதங்களில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "கண் ஆபரேஷனுக்கும் பிரசவ வார்டுக்கும் கொடுக்கிறோம், அது புரிகிறது. மூட்டுவலிக்கு எதற்குத் தனிப் பிரிவு? வயதானால் எல்லாருக்கும் வருவதுதானே?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆகவே இந்த இதழின் மருத்துவப் பாடத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். சற்று நீளமாயிருந்தாலும் பொறுமையோடு வாசியுங்கள். உங்கள் வீட்டிலோ, ஆலயத்தில் உங்களுக்கு முன் வரிசையிலோ இருக்கும் ஒருவருக்கு இது உடனே தேவைப்படலாம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஜனங்கள் கை கால் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் "வாதம்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். பக்கவாதமும் வாதம், முழங்கால் வலியும் வாதம். ஆனால் மூட்டுகளைத் தாக்கும் நோய்கள் நூறுக்கும் மேலே உண்டு. ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து மற்றொன்றுக்கு உதவாது. வயதானபின் வருகிற முழங்கால் தேய்மானத்தில் மூட்டின் குருத்தெலும்பு மெலிந்துபோகிறது. உடல் எடையைக் குறைப்பதும், நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கித் தொடைத் தசையைப் பலப்படுத்துவதும் அதற்கு நல்ல பலன் தரும். மிகவும் முற்றினால் செயற்கை மூட்டு பொருத்துகிறார்கள். இதைப்பற்றி இன்று அதிகம் சொல்லப்போவதில்லை. இன்றைய பாடம் வேறொரு வியாதியைப் பற்றியது.

அதை முடக்குவாதம் என்கிறோம். தென் மாவட்டங்களில் சரவாங்கி என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். இது தேய்மானம் அல்ல. கிருமிகளை எதிர்க்கவேண்டிய நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே வழிதவறி, மூட்டின் உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வைப் பகைவன் என்று எண்ணித் தாக்குகிறது. சவ்வு தடித்து வீங்கி, குருத்தெலும்பையும் பிறகு எலும்பையும் அரிக்கிறது. நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு, அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக, இது வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். முப்பது, நாற்பது வயதில், பிள்ளைகளை வளர்த்துக் குடும்பத்தைத் தாங்குகிற காலத்திலேயே வந்துவிடுவதுதான் இதன் கொடுமை.

இதன் அடையாளங்கள் எளியவை. இரண்டு கைகளிலும் ஒரேவிதமாக விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கும். பாதத்தின் முன்பகுதியில் கூழாங்கல்மேல் மிதிப்பதுபோல் வலிக்கும். காலையில் எழும்போது கைகள் கட்டிப்போட்டதுபோல் விறைத்திருக்கும். தேய்மானத்தில் இந்த விறைப்பு சில நிமிடங்களில் விலகிவிடும். முடக்குவாதத்தில் அரை மணி நேரம், ஒரு மணி நேரம், சிலருக்கு மதியம் வரையும் நீடிக்கும். "காலையில் காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, பத்து மணிக்குமேல் சரியாகிவிடுகிறது" என்று ஒரு தாய் சொன்னால் அதைச் சோம்பல் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

எங்களிடம் வந்த ஒரு சகோதரியைச் சொல்லுகிறோம். பீடி சுற்றிப் பிழைக்கிறவர். நாளொன்றுக்கு ஆயிரம் பீடி சுற்றிய விரல்கள் மெல்ல மெல்ல ஐந்நூறுக்கு இறங்கின. பிறகு இலையை வெட்டவும் கத்திரியைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்து மருந்துக்கடையில் பெயர் எழுதாத பொட்டலத்தில் மூன்று மாத்திரைகள் கொடுத்தார்கள். இரண்டே நாளில் வலி பறந்துபோயிற்று. முகம் உருண்டு பளபளத்தது. "உடம்பு தேறிவிட்டாள்" என்று ஊரார் சந்தோஷப்பட்டார்கள். ஒன்றரை வருடம் கழித்து எங்களிடம் வந்தபோது சர்க்கரை ஏறியிருந்தது, எலும்பு மெலிந்திருந்தது, விரல்களோ பக்கவாட்டில் சாய்ந்துவிட்டன. "வலி இல்லாம இருந்துச்சே டாக்டரம்மா, அதான் நல்ல மருந்துன்னு நெனச்சேன்" என்றார். வலி மட்டும் மறைந்திருந்தது, உள்ளே அரிப்பு நிற்கவில்லை.

அந்தப் பொட்டலத்தில் இருந்தது ஸ்டீராய்டு. இந்த மருந்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்கமாட்டாமல் கிடந்த ஒரு இளம்பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தாள். உலகமே வியந்தது. 1950இல் ஹென்சுக்கும் அவரோடு வேதியியலர்களான கெண்டால், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மருந்தின் அளவும் நாளும் கூடக்கூட அதன் தீங்குகளும் வெளியாயின. இன்றும் ஸ்டீராய்டு எங்களுக்கு வேண்டிய மருந்துதான். குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, மற்ற மருந்து வேலைசெய்யத் தொடங்கும்வரை ஒரு பாலமாகப் பயன்படுத்துகிறோம். பாலத்தின்மேலேயே வீடு கட்டிக் குடியிருக்கக் கூடாது.

அந்த மற்ற மருந்து எது? மெத்தோட்ரெக்சேட். இதன் கதையில் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். ஆந்திராவின் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் சிறிய பட்டத்தோடு வெளியேறினார் என்று சொல்வார்கள். அமெரிக்கா சென்ற அவர், லெடர்லே நிறுவனத்தில் ஃபோலிக் அமிலத்தை உருவாக்கிய குழுவை நடத்தினார். அந்த அமிலத்தை எதிர்க்கும் மருந்துகளும் அதே குழுவின் உழைப்பில் பிறந்தவை. முதலில் பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்தார்கள். 1951இல் அவற்றில் ஒன்று முடக்குவாதத்திலும் பலன் தருவதைக் கவனித்தார்கள். ஆனாலும் மெத்தோட்ரெக்சேட்டை அமெரிக்க அரசு இந்த நோய்க்கென்று அங்கீகரிக்க 1988 ஆயிற்று. சுப்பாராவ் 1948லேயே காலமாகிவிட்டார்.

இன்று உலகமெங்கும் முடக்குவாதத்துக்கு முதலில் கொடுக்கும் மருந்து இதுவே. நம் நாட்டில் விலையும் குறைவு. ஆனால் இதில் ஒரு விதி உண்டு. அதை நாங்கள் வாயாலும், சீட்டிலும், மாத்திரை உறையின்மேல் சிவப்பு மையாலும் சொல்லுகிறோம்: வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை வற்றி, வாயெல்லாம் புண்ணாகி, உயிரே போகலாம். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிக்கு இதைப் புரியவைப்பது சிறிய வேலையல்ல. ஆகவே ஒவ்வொருவரையும் ஒரு கிழமையைத் தெரிந்துகொள்ளச் சொல்லுகிறோம். நம்மவர்கள் முதலில் ஞாயிறு என்பார்கள், மறக்காது என்று. சிலருக்கு மறுநாள் குமட்டல் இருக்குமே, திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டாமா என்று கேட்டால் யோசிப்பார்கள். சனிக்கிழமை என்றால் ஆராதனையில் பாட முடியாது. கடைசியில் பலர் சந்தைநாளுக்கு மறுநாள் என்று முடிவுசெய்கிறார்கள். எந்த நாளானாலும் சரி, அது மாறக் கூடாது. மருந்தின் தீங்கைக் குறைக்க ஃபோலிக் அமில மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கிறோம். அதை வேறொரு நாளில் சாப்பிடச் சொல்லுகிறோம்.

மெத்தோட்ரெக்சேட் வேலைசெய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். வலி மாத்திரையின் வேகத்துக்குப் பழகியவர்களுக்கு இது பெரிய சோதனை. இரண்டாம் மாதத்தில் "மருந்து கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுவார்கள். வேறு சிலர் நான்காம் மாதத்தில் சுகம் கண்டு, "இனி எதற்கு?" என்று நிறுத்துவார்கள். இரண்டாவது வகையினரே எங்களுக்கு அதிகக் கவலை தருகிறவர்கள். நிறுத்திய சில மாதங்களில் வீக்கம் திரும்பும்.

இதற்கிடையில் இரத்தப் பரிசோதனைகள் நடக்கவேண்டும். வெள்ளணுக்கள் குறைகின்றனவா, கல்லீரல் தாங்குகிறதா என்று தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறையும், பின்பு சில மாதங்களுக்கு ஒருமுறையும் பார்க்கிறோம். ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடுகிறவர்களுக்குக் கண் பரிசோதனை வேண்டும். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்கள் மெத்தோட்ரெக்சேட்டைச் சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தி, கருவுக்குத் தீங்கில்லாத வேறு மருந்துக்கு மாறவேண்டும். இதைக் கேட்க வெட்கப்படுவார்கள். நாங்களே கேட்டுவிடுகிறோம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறோம். பங்காளர்கள் சக்கர நாற்காலிக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் மனமுவந்து கொடுக்கிறார்கள். அவற்றைப் புகைப்படம் எடுத்து இதழில் போடலாம். ஆனால் முடக்குவாதத்தில் ஒரு பெண்ணைச் சக்கர நாற்காலிக்குப் போகாமல் காப்பது, மலிவான மாத்திரையும், அந்த இரத்தப் பரிசோதனையும், மருத்துவமனைக்கு வந்துபோகும் பஸ் கட்டணமும், அன்றைக்கு இழந்த கூலியும்தான். இதில் புகைப்படம் எடுக்க ஒன்றுமில்லை. எலும்பு அரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுகிறது. அரிக்கப்பட்ட எலும்பு திரும்ப வளராது. வீக்கம் கண்ட மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் சரியான மருந்தைத் தொடங்கினால் பலருக்கு நோய் அடங்கியே போய்விடுகிறது. பத்து வருடம் கழித்து வருகிறவருக்கு நாங்கள் செய்யக்கூடியது குறைவு, செலவோ அதிகம். தனிப் பிரிவும், இதற்கெனப் பயிற்சிபெற்ற மருத்துவரும் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். இரத்தத்தில் "ஆர்.ஏ. ஃபேக்டர்" இல்லை என்றதும் நோயில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். நோயுள்ளவர்களில் ஒரு பங்கினருக்கு அது இராது. நோயில்லாத சிலருக்கு அது இருக்கும். ஆகவே பரிசோதனைச் சீட்டைப் பார்ப்பதற்குமுன் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கத் தெரிந்த கை வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட்டுக்கு அடங்காதவர்களுக்கு 1990களின் கடைசியிலிருந்து வேறுவகை ஊசிகள் வந்திருக்கின்றன. இன்ஃப்ளிக்சிமாப் அவற்றில் ஒன்று. பலன் மிகுதி, விலையும் மிகுதி. உள்ளே உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடியவை ஆகையால், நம் நாட்டில் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் பார்க்காமல் இவற்றைத் தொடங்குவதில்லை.

மருந்தோடு கைவேலையும் உண்டு. வேலூரில் 1946இல் வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தியதை நீங்கள் அறிவீர்கள். விபத்தில் இரு கால்களும் செயலிழந்தும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பணிசெய்த டாக்டர் மேரி வர்கீஸ் அங்கே மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தார். ஆபரேஷனோடு சிகிச்சை முடிவதில்லை, அந்தக் கை மறுபடி சோறு பிசையவேண்டும் என்று அவர்கள் கற்றுக்கொடுத்தது மூட்டு நோய்க்கும் பொருந்தும். இரவில் மணிக்கட்டைத் தாங்கும் பட்டை, மெழுகு ஒத்தடம், பிடி தடித்த கரண்டி இவையெல்லாம் மருந்துச் சீட்டிலேயே எழுதப்படுகின்றன. குடத்தை விரலால் தூக்காமல் உள்ளங்கையும் முன்கையும் தாங்க எடுப்பது, துணியை முறுக்கிப் பிழியாமல் குழாயில் போட்டு அழுத்துவது, தரையில் அரிவாள்மனையோடு குந்தாமல் மேடையில் நின்று நறுக்குவது ஆகியவற்றை மருமகளையும் மாமியாரையும் கூட உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். மாமியார் வராவிட்டால் பாதிப் பயன்தான். நோய் வந்த மருமகளை "வேலைக்கு ஆகாதவள்" என்று தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிற குடும்பங்கள் உண்டு. இது தொற்றுநோய் அல்ல, ஒருவருடைய குற்றத்தால் வருவதும் அல்ல.

உணவைப்பற்றியும் ஒரு வார்த்தை. "வாயு" என்று பருப்பு, உருளைக்கிழங்கு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இரத்தசோகையோடு வருகிறவர்கள் ஏராளம். முடக்குவாதத்துக்கு இவை எதையும் நிறுத்தத் தேவையில்லை. நிறுத்தவேண்டியது புகையிலை. புகைப்பிடிப்பது இந்த நோய் வரும் வாய்ப்பையும் அதன் கடுமையையும் கூட்டுகிறது.

பிள்ளைகளுக்கும் மூட்டு வாதம் வரும் என்பது பலருக்குத் தெரியாது. சின்னப் பிள்ளை வலிக்கிறது என்று சொல்லாது. காலையில் நொண்டும், தூக்கச் சொல்லும், பிறகு விளையாடப் போய்விடும். விழுந்திருப்பான் என்று விட்டுவிடுகிறோம். ஆறு வாரத்துக்குமேல் ஒரு மூட்டு வீங்கியிருந்தால் கட்டாயம் காட்டவேண்டும். அதிலும் முக்கியமாகக் கண்ணைக் காட்டவேண்டும். சிவப்போ வலியோ இல்லாமலே கண்ணின் உள்ளே அழற்சி ஏற்பட்டுப் பார்வை போய்விடக்கூடும். கண் மருத்துவரின் விளக்குக் கருவியில்தான் அது தெரியும். அதனால் இந்தப் பிள்ளைகளை மூட்டு நன்றாயிருக்கும்போதும் சில மாதங்களுக்கு ஒருமுறை கண் பிரிவுக்கு அனுப்புகிறோம்.

வாலிபர்களிடம் இன்னொன்றைக் கவனியுங்கள். பின்னிரவில் இடுப்பு வலியால் விழித்து, எழுந்து நடந்தால் சுகமாகி, படுத்தால் மறுபடி வலிக்கிறதென்றால் அது சுளுக்கு அல்ல. முதுகெலும்பு ஒன்றோடொன்று ஒட்டி இறுகும் நோயாயிருக்கலாம். அதற்கும் ஆரம்பத்தில் மருந்தும் உடற்பயிற்சியும் உண்டு.

உங்களுக்குத் தெரிந்த யாரையாவது எங்களிடமோ, அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவீர்களானால், பழைய சீட்டுகளையும் எக்ஸ்ரேக்களையும், இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். பெயர் தெரியாத பொட்டலமானாலும், சூரணமானாலும் கொண்டுபோகட்டும். இந்தப் பாடத்தை வாசித்த பயத்தில் அதைக் குப்பையில் எறிந்துவிட வேண்டாம். உள்ளே ஸ்டீராய்டு இருந்தால், பல மாதம் சாப்பிட்டவர் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்தவேண்டும்.