கரண்ட் வைத்த பிறகு நாடி மெதுவானால்



"நெஞ்சுக்குக் கரண்ட் வைக்கப் போறாங்களாம்" என்று கேட்டாலே லயம் முழுக்கக் கலங்கிப் போகிறது. உண்மையில் அந்தச் சிகிச்சையின்போது சிறிது நேரம் தூங்க வைப்பதால் நோயாளிக்கு எதுவும் தெரிவதில்லை. கவனம் வேண்டியது அதற்குப் பிறகுதான்.

பெரட்டுக்குத் தப்பு அடிப்பது நமக்குத் தெரியும். இருதயத்தின் வலது மேலறையிலும் அப்படித் தாளம் கொடுக்கும் ஒரு சிறு இடம் இருக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேசன் என்ற வருத்தத்தில் மேலறை முழுவதும் ஆளுக்கொரு தாளம் போட்டது போல நடுங்குகிறது. நாடி ஒழுங்கில்லாமல் ஓடும். உறைந்த இரத்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம் வரும். பெர்னாட் லோன் என்ற அமெரிக்க டொக்டர் 1962இல் கொண்டுவந்த முறையில், நெஞ்சின் மேல் ஒரு கணம் மின்சாரம் கொடுத்து எல்லாச் சத்தத்தையும் ஒரே நேரத்தில் நிறுத்துகிறார்கள். பிறகு பழைய தப்புக்காரர் தாளத்தைத் தொடங்க வேண்டும்.

பல மாதம் அவர் தப்பைத் தொடவில்லை. கை மரத்துப் போயிருக்கும். அதனால் சிலருக்கு முதல் சில நொடிகள் துடிப்பே தாமதிக்கும், அல்லது மெதுவாக வரும். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். வார்டில் ஈ.சி.ஜி. திரையைப் பார்த்தபடி இருப்பதும், ஊசியும் தற்காலிகமாகத் துடிக்க வைக்கும் மெஷினும் பக்கத்தில் இருப்பதும் அதற்காகத்தான். சிலருக்கு மட்டும் அந்த இடமே பழுதடைந்திருக்கும். கூடாத தாளத்தின் சத்தத்தில் அதுவரை அது வெளியே தெரிந்திருக்காது. வயசாளிகளில் இது கூட.

இன்னொரு காரணம் குளிசை. வேகமான நாடியை அடக்க பைசோப்ரோலோல், அட்டெனோலோல், டிகொக்சின், வெரபமில் போன்றவை கொடுத்திருப்பார்கள். தாளம் சரியான பிறகு அதே அளவு சிலருக்குக் கூடிப்போகும். அமியோடரோன் நிறுத்திய பிறகும் பல வாரம் உடம்பில் தங்கும். ஆகவே அளவை மாற்ற வேண்டியது டொக்டர்தான். "நெஞ்சு நல்லாயிருச்சு, இனி எதுக்கு?" என்று நாமே நிறுத்தக் கூடாது. முக்கியமாக வோபரின் போன்ற இரத்தம் உறையாமல் வைக்கும் குளிசையைக் கரண்ட் வைத்த பிறகு குறைந்தது 4 வாரம் ஒரு நாளும் விடக் கூடாது. பலருக்கு அதற்குப் பிறகும் தேவை. பக்கத்து லயத்து ஆளின் குளிசையைக் கடன் வாங்குகிற பழக்கமும் நம்மிடம் உண்டு. இந்த வருத்தத்தில் அது உயிருக்கே வினை.

காலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்து, பெருவிரல் பக்கத்து மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, கடிகாரம் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60 முதல் 100 வரை சாதாரணம். ஒழுங்காக 50க்கும் 60க்கும் இடையில் வந்து, உடம்பும் சுகமாக இருந்தால் பயப்பட வேண்டாம். தூக்கத்தில் இன்னும் குறையும். 50க்குக் கீழே போனால், தொல்லை இல்லாவிட்டாலும் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திராமல் காட்டுங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தும் தாளம் ஒழுங்கில்லை என்றால் பழைய வருத்தம் திரும்பியிருக்கலாம். சில துடிப்புகள் மணிக்கட்டு வரை எட்டாததால் எண்ணிக்கை அப்படி ஏமாற்றும்.

மலையில் கொழுந்து எடுக்கும்போது கண் இருட்டி, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டால் "பித்தம்" என்று இஞ்சித் தேத்தண்ணி கொடுத்து விடுகிறோம். கரண்ட் வைத்தவருக்கு அப்படி வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மயங்கி விழுந்தால், நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால், வாய் கோணினால், கை விளங்காவிட்டால் உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். அதற்குக் காசு இல்லை. ரோடு வரைக்கும் ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். கிளினிக் கொப்பியும், சாப்பிடுகிற எல்லாக் குளிசைகளும், எண்ணி எழுதிய நாடித் துண்டும் ஒரே பையில் இருக்கட்டும்.

குளிசையைக் குறைத்தும் நாடி ஏறாவிட்டால் பேஸ்மேக்கர் வைக்கச் சொல்லலாம். அது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்குள் வைக்கும் சின்னப் பெட்டி. பல வருடம் கழித்து மாற்ற வேண்டி வரும். அதை வைத்தவர்கள் எப்போது மலைக்குத் திரும்பலாம், அந்தப் பக்கக் கையால் எவ்வளவு பாரம் தூக்கலாம் என்பதை வார்டை விட்டு வரும் முன்பே கேட்டு, கொப்பியில் எழுதி வாங்கி வாருங்கள்.

நலன்புரி உத்தியோகத்தர்