கீரைப்பாத்தியும் மணல் குழியும்

மகள் நாலு மாதக் கர்ப்பிணியாக வீட்டுக்கு வந்திருந்தாள். மறுநாள் காலையிலேயே கொல்லைக்குப் போய் வெறுங்கையால் சிறுகீரை பிடுங்கினாள். சட்டென்று கையை உதறி, “அம்மா, பூனை பீ!” என்றாள். வேரோடு வந்த மண்ணில் ஒட்டியிருந்தது. சோப்பு போட்டுக் கழுவிவிட்டோம். ஆனாலும் அன்று முழுக்க எனக்கு மனசு ஆறவில்லை.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் சொன்னோம். பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம், கர்ப்ப காலத்தில் முதல்முறையாகத் தொற்றினால் குழந்தையின் மூளையையும் கண்ணையும் பாதிக்கக்கூடும் என்றார். ரத்தப் பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. பிரசவம் ஆகும்வரை மகள் தோட்ட மண்ணில் கை வைக்கவில்லை.

எல்லாப் பூனையும் எப்போதும் இதைப் பரப்புவதில்லை. எலியையோ பச்சை இறைச்சியையோ தின்று முதல்முறை தொற்றிய பிறகு, ஒன்றிலிருந்து மூன்று வாரம்வரைதான் மலத்தில் வெளியேறும். ஆனால் மண்ணில் விழுந்தது ஈரத்தில் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். வெளியேறிய உடனே அது தொற்றாது. அதற்குக் குறைந்தது ஒரு நாளாவது ஆக வேண்டும். எனவே அன்றன்றைக்கு அள்ளிவிட்டால் பாதி ஆபத்து போய்விடும்.

எங்கள் வீட்டில் கருப்பி ஒன்றுதான் வளர்ப்பு. தெருப்பூனைகள் இரண்டு வந்துபோகும். பக்கத்து வீட்டு அக்கா, “அந்துருண்டை போடு, இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது” என்றார். போட்டேன். பிறகுதான் அது பூனைக்கு விஷம் என்று தெரிந்து, பதறிப்போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பினாயிலும் அப்படித்தான், அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. காலில் பட்டதை நக்கினாலே போதும். தயவுசெய்து இந்த இரண்டையும் தோட்டத்தில் போடாதீர்கள்.

பூனை ஏன் கீரைப்பாத்திக்கே வருகிறது என்று சில நாள் உட்கார்ந்து பார்த்தேன். கொத்திவிட்ட பொலபொலப்பான மண், காய்ந்த மேல்பரப்பு, மறைவு. தொட்டியில் தேங்காய் நார்க்கழிவு போட்டால் அதற்குக் கொண்டாட்டம். இன்னொரு காரணம் நானே ஊற்றிய மீன் அமிலம். மீன் கழிவும் வெல்லமும் ஊறிய வாசனைக்கு மூன்று பூனையும் வந்து பாத்தியைத் தோண்டிப் போட்டன. இப்போது கீரைக்குக் கடலைப் புண்ணாக்குக் கரைசல்தான்.

விதைத்த பாத்தியில் தென்னை ஈர்க்குச்சிகளை நாலு விரல் இடைவெளியில் நெருக்கமாக நட்டேன். பூனைக்குத் திரும்பி உட்கார இடமிருக்காது. பெரிய செடிகளின் அடியில் தேங்காய் மட்டையைக் கவிழ்த்து அடுக்கினேன். அடைத்தால் மட்டும் போதுமா? அதற்கும் ஓர் இடம் வேண்டுமே. கிணற்றுக்கு எதிர்மூலையில், மதிலோரமாக மூன்றடிக்கு இரண்டடி, முக்கால் அடி ஆழத்தில் குழி வெட்டி, சலித்த ஆற்று மணலை நிரப்பினேன். மழை விழாமல் மேலே தகரம்.

மூன்று நாள் ஒரு பூனையும் அந்தப் பக்கம் போகவில்லை. பாத்தியில் கிடந்த மலத்தில் கொஞ்சம் எடுத்து மணலில் புதைத்து வைத்தேன். அன்றைக்குக் களை எடுத்தபோது குப்பைமேனியும் நிறைய வந்தது. பிடுங்கிய அதன் வேர் என்றால் பூனைக்கு ஒரு கிறக்கம். பூனைவணங்கி என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. அந்த வேர்களை மணலோரம் போட்டேன். கருப்பி ஓடிவந்து முகத்தைத் தேய்த்து, மல்லாந்து புரண்டு, வாயில் எச்சில் ஒழுகக் கிடந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மணலை முகர்ந்தாள். முன்காலால் நாலு தரம் பறித்துவிட்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் இடம். தெருப்பூனைகள் வர இரண்டு வாரம் ஆனது. குப்பைமேனியைப் பிடுங்கிப் பாத்தியிலேயே போட்டுவிடாதீர்கள், பூனையை நாமே கூப்பிட்டதாகிவிடும்.

தினமும் காலையில் கையுறை போட்டு, பழைய கரண்டியால் அள்ளி, வேலியோர நந்தியாவட்டைக்கு அப்பால் ஆழக் குழியில் புதைக்கிறேன். உரக்குழியில் போடுவதே இல்லை. வீட்டு உரக்குழி இந்தக் கிருமி சாகும் அளவுக்குச் சூடேறாது. பச்சையாக அரைக்கும் கொத்தமல்லி, புதினாவை இடுப்புயரத் தொட்டிக்கு மாற்றி, மேலே கோழிவலை போட்டிருக்கிறேன். கீரையை மூன்று தண்ணீரில் அலசி, நன்றாக வேகவைத்தால் பயமில்லை.

தெருப்பூனைகளில் ஒன்று கடுவன். அது கறிவேப்பிலைக் கன்றின்மேல் மூத்திரம் பீச்சுவதுதான் இன்னும் நிற்கவில்லை. எல்லைக்காகப் பீச்சுவதால் அதற்கு மணல் குழி உதவாது, கருத்தடை செய்தால் பெரும்பாலும் குறையும். பால்சோறு வைத்துக் கூண்டுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். நேற்று உள்ளே பாதி உடம்பு போனது.