வாடகை வீடு பார்க்கும் முன்



பிள்ளைகளின் முழு ஆண்டுப் பரீட்சை முடிந்துவிட்டால் நம் அலுவலகத்துக்கு ஒரே மாதிரியான விசாரிப்புகள் வரத் தொடங்கும். "மச்சான் குடும்பத்தோடு திருப்பூர் வர்றாரு, பள்ளிவாசல் பக்கமா ஒரு வீடு இருந்தா சொல்லுங்க." ராமநாதபுரம், சிவகங்கை, திண்டுக்கல், தேனி என்று எங்கிருந்து வந்தாலும் வீடு பார்த்துக் கொடுப்பவர் இங்கே முன்பே வந்து குடியேறிய உறவினர்தான். அதாவது, இதைப் படிக்கும் நம்மில் ஒருவர். அதனால் இந்தப் பாடம் வருகிறவர்களைவிட, அவர்களுக்கு வீடு பார்க்கிறவர்களுக்கே அதிகம் உரியது.

இரண்டு வருடங்களுக்கு முன் வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டாம். கணவருக்குக் கட்டிங் வேலை. மனைவிக்கு அதே கம்பெனியில் செக்கிங். வயதான தாயார், எட்டாம் வகுப்புக்குப் போக வேண்டிய மகள், ஐந்து வயது மகன். உறவினர் இரண்டு வீடுகளைக் காட்டினார். ஒன்று காங்கேயம் சாலைப் பக்கம், பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் நடக்கும் தூரத்தில், ஒரே அறையும் அடுக்களையும், வாடகை ஆறாயிரம். மற்றொன்று பெருமாநல்லூர் சாலையிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர், புதிய லைன் வீடு, இரண்டு அறை, வாடகை நாலாயிரம். கம்பெனி வேன் வாசலுக்கே வரும் என்றார்கள். மாதம் இரண்டாயிரம் மிச்சம். யாராக இருந்தாலும் இரண்டாவதைத்தான் எடுத்திருப்பார்கள், நாமும்கூட.

கம்பெனி வேன் வாசலுக்கு வந்தது உண்மை. ஆனால் மகள் பள்ளிக்குப் போக மெயின் ரோடு வரை இரண்டு கிலோமீட்டர் நடந்து, பிறகு பஸ் ஏற வேண்டும். அந்த நடைப்பாதையில் ஒரு டாஸ்மாக் கடை. மாலை சிறப்பு வகுப்பு முடிந்து வரும்போது இருட்டிவிடும். அத்தாவும் அம்மாவும் ஒன்றரை ஷிப்ட் முடித்து வர இரவு ஒன்பது. அரையாண்டுத் தேர்வு வரை அந்தப் பெண் தாக்குப் பிடித்தாள். அதன்பின் "கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கட்டும்" என்றார்கள். கொஞ்ச நாளில் பக்கத்து ஜாப் ஒர்க் யூனிட்டிலிருந்து பீஸ்கள் மூட்டையாக வீட்டுக்கு வந்தன. பாட்டியும் பேத்தியும் உட்கார்ந்து பிசிறு வெட்டினார்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை இப்படி வேலையில் வைப்பது சட்டப்படி குற்றம் என்பது யாருக்கும் தெரியாமல் இல்லை. யாரும் அந்தப் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்த முடிவு செய்யவும் இல்லை. வீடு அந்த முடிவை எடுத்துவிட்டது.

வீடு பார்க்கும்போது நாம் செய்யும் பிழை இதுதான். சம்பாதிப்பவர் எப்படி வேலைக்குப் போவார் என்று மட்டும் கேட்கிறோம். அவருக்கு வேன் உண்டு, வண்டி உண்டு, எப்படியும் போய்விடுவார். வேலைக்குப் போகாதவர்களின் நாள் எப்படிக் கழியும் என்று கேட்பதில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வழி, மருந்து வாங்கப் போகும் பெரியவரின் வழி, தண்ணீர் பிடிக்கும் பெண்ணின் வழி, மக்தபுக்குப் போய் மஃரிபுக்குப் பின் திரும்பும் சிறுவனின் வழி, இந்த நான்கையும் நடந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பகலில் ஒரு முறை, இரவு எட்டரைக்கு ஒரு முறை.

ஊர் விட்டு ஊர் போவது நம் தீனுக்குப் புதிதல்ல. ஹிஜ்ரத்தைப் பற்றி பயான்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். மதீனாவுக்குப் போய் இறங்கிய பிறகு அந்த மக்கள் எங்கே தங்கினார்கள், என்ன தண்ணீர் குடித்தார்கள் என்பதை அதிகம் கேட்டதில்லை. மதீனா வந்த புதிதில் அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) இருவரும் கடும் காய்ச்சலில் விழுந்ததை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நோய் மிகுந்த ஊராக அது இருந்தது என்றும், புத்ஹான் ஓடையில் கெட்டுப்போன நீர் ஓடியது என்றும் அதே செய்தியில் வருகிறது. நொய்யல் கரையில் வாழும் நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. பிறகு நல்ல தண்ணீருக்காக ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) விலை கொடுத்து வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கினார்கள். புதிய ஊரில் தண்ணீர் என்பது ஸஹாபாக்களுக்கே முதல் கவலைகளில் ஒன்றாக இருந்தது.

நம் ஊரில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், பிறகு கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் நிபந்தனையோடு அவை திறந்ததும் நினைவிருக்கும். ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகள் மண்ணில் இறங்கிய உப்பு இறங்கியதுதான். ஆகவே "தண்ணி இருக்கா?" என்று கேட்டால் எல்லா வீட்டுக்காரரும் "இருக்கு" என்பார்கள். போர் தண்ணீரும் தண்ணீர்தானே! கேட்க வேண்டியது வேறு. நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது? பகலிலா, நள்ளிரவிலா? எத்தனை வீட்டுக்கு ஒரு குழாய்? இதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், அந்த லைனில் குடியிருக்கும் பெண்களிடம் கேளுங்கள். கேன் தண்ணீர் முப்பது ரூபாய் என்று வைத்து, இரண்டு நாளைக்கு ஒன்று வாங்கினால் மாதம் 450 ரூபாய். அதையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். ஒரே மீட்டரில் பல வீடுகள் ஓடும் காம்பவுண்டில் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அரசு தரும் 100 யூனிட் சலுகை அங்கே பெரும்பாலும் குடியிருப்பவர் கைக்கு வருவதில்லை. ஓடையை ஒட்டிய தாழ்வான இடமென்றால் இன்னும் யோசியுங்கள். 2011 நவம்பர் மழையில் ஓடைகள் பெருகி வீடுகள் போனதையும் உயிர்கள் போனதையும் பார்த்தவர்கள் நாம். அந்த இடங்களில் மீண்டும் வாடகை வீடுகள் எழும்பியிருக்கின்றன. வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கும்.

இனி, பள்ளிவாசல் பக்கம் வீடு என்ற கேள்விக்கு வருவோம். இதில் நம் கருத்து சிலருக்குப் பிடிக்காமல் போகலாம்.

பெரிய தோட்டம், கோம்பைத் தோட்டம், காதர்பேட்டை, இன்னும் சற்றுத் தள்ளி மங்கலம் என்று நம் மக்கள் சேர்ந்து வாழும் இடங்கள் இருக்கின்றன. திருப்பூரின் முதல் பனியன் கம்பெனியை 1925 வாக்கில் தொடங்கியவர் குலாம் காதர் என்ற நம் சமுதாயத்தவர் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அன்று முதலே இங்கே நமக்கு வேர் உண்டு. பாங்கு சத்தம் கேட்கும் வீடு, பக்கத்திலேயே மக்தப், ஹலால் கறிக்கடை, நோன்புக் கஞ்சி. இதையெல்லாம் ஆசைப்படுவது தவறே அல்ல. நபி (ஸல்) அவர்களின் வீடே மஸ்ஜிதை ஒட்டித்தான் இருந்தது. ஆனால் பனூ ஸலிமா கூட்டத்தாரின் செய்தியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவர்கள் மதீனாவில் தொலைவில் வசித்தவர்கள். மஸ்ஜிதுன் நபவிக்கு அருகே இடம் காலியானபோது அங்கே குடிபெயர விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்கள், இருக்கும் இடத்திலேயே இருக்கச் சொன்னார்கள். பள்ளிக்கு நடந்து வரும் காலடிகள் எழுதப்படுகின்றன என்று ஆறுதலும் சொன்னார்கள். மதீனாவின் ஓரங்கள் ஆளில்லாமல் வெறிச்சோடிப் போவதை அவர்கள் விரும்பவில்லை என்று புகாரியில் வருகிறது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது: தொலைவில் குடியிருப்பது தீனில் குறை அல்ல. பள்ளிவாசல் தெருவில்தான் வேண்டும் என்று பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுப்பதும், வயது வந்த பெண் பிள்ளைக்கு உடை மாற்ற மறைவில்லாமல் இருப்பதும் எந்த நன்மைக்காக? காங்கேயம் சாலையில் வீடு, ஈட்டிவீரம்பாளையம் ஆயத்த ஆடைப் பூங்காவில் வேலை என்றால் தினமும் ரயில் பாதையைத் தாண்டி நகரையே குறுக்கே கடக்க வேண்டும். அந்தத் தகப்பன் பிள்ளைகளின் முகத்தை ஞாயிற்றுக்கிழமைதான் பார்ப்பார். ஆண்கள் ஜும்ஆவுக்கு வண்டியில் வந்துவிடலாம். தூரம் பார்க்க வேண்டியது மக்தப் போகும் சிறு பிள்ளைகளுக்குத்தான். அந்த ஒன்று மட்டும் நடக்கும் தூரத்தில் இருந்தால், அல்லது நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஹஜ்ரத்தை மாலையில் அழைக்க முடிந்தால், வேலம்பாளையமும் வீரபாண்டியும் நமக்குத் தூரம் அல்ல.

வீட்டுக்கு முன் அண்டை வீட்டாரைப் பார் என்று ஒரு சொல் வழக்கில் இருக்கிறது. அதை ஹதீஸ் என்று சொல்லிவிடுகிறோம். அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பதே ஹதீஸ் கலை அறிஞர்களின் முடிவு. ஆனால் பொருள் சரியானது. தஹ்ரீம் சூராவில் ஃபிர்அவ்னின் மனைவி கேட்ட துஆவில், உன்னிடத்தில் என்பது முதலில் வருகிறது, சுவனத்தில் வீடு என்பது அதன்பின் வருகிறது. வீட்டுக்கு முன்பே அண்மையைக் கேட்டார்கள் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் இதை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அண்டை வீட்டார் என்றால் முஸ்லிம் அண்டை வீட்டார் மட்டும் என்று எண்ண வேண்டாம். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "பாய்க்கு வீடு இல்லை" என்று வாசலிலேயே சொல்லும் தெருக்கள் இந்த ஊரிலும் இருக்கின்றன, மறைப்பதற்கில்லை. ஆனால் வெளியே போன இடத்தில் ஒரு கவுண்டர் வீட்டு அம்மா நம் பெண்ணின் பிரசவ இரவில் ஆட்டோ பிடித்துக் கூட வந்ததையும் இதே ஊரில்தான் பார்த்தோம்.

எங்கே குடியேறினாலும் முதல் வாரத்தில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சொந்த ஊர் ஜமாஅத்தில் கடிதம் வாங்கி வந்து, இங்குள்ள முஹல்லா ஜமாஅத்தில் பெயர் பதிந்து சந்தா கட்டிவிடுங்கள். இதைத் தள்ளிப் போடுகிறவர்கள்தான் அதிகம். சில வருடங்களுக்கு முன் ஓவர்லாக் டைலர் ஒருவர் இரவில் மாரடைப்பால் மவ்த் ஆனார். ஏழு வருடம் இங்கே இருந்தவர், மூன்று வீடு மாறியவர், எந்த ஜமாஅத்திலும் பெயர் இல்லை. ஊருக்குக் கொண்டு போக வண்டி வாடகைக்குப் பணம் இல்லை. எங்கே அடக்குவது என்று இரண்டு ஜமாஅத்தின் நிர்வாகிகளோடு பேசி முடிவதற்குள் சுப்ஹு பாங்கு சொல்லிவிட்டார்கள். அவ்வளவு நேரமும் அவருடைய மனைவி ஜனாஸாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த நிர்வாகிகள் கெட்டவர்கள் அல்ல. ஆள் யாரென்று தெரியவில்லை. நிக்காஹ் தஃப்தருக்கும் இதே நிலைதான். மகளுக்கு வரன் முடிந்த பிறகு கடிதத்துக்கு அலைவதைவிட இன்றே முடித்துவிடலாம்.

மற்றவை சுருக்கமாக. 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். தனியாக வேறு பேசிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. ரேஷன் அட்டை சொந்த ஊர் முகவரியில் இருந்தாலும் தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அந்தத் தெருவுக்கு வருவது டவுன் பஸ்ஸா, மினி பஸ்ஸா என்று பாருங்கள். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை, டி.சி. இல்லை என்றோ வருடத்தின் நடுவில் வந்தீர்கள் என்றோ சொல்லி எந்த அரசுப் பள்ளியும் திருப்பி அனுப்ப முடியாது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பெண் பிள்ளைகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. இடையில் நிறுத்தினால் அதுவும் போகும்.

வீடு வாடகைக்கு விடும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. அபூ அய்யூப் அன்சாரி (ரலி) தம் வீட்டின் கீழ்த்தளத்தை நபி (ஸல்) அவர்களுக்குக் கொடுத்துவிட்டு மேலே குடியிருந்தார்கள். ஓர் இரவு தண்ணீர்ப் பானை உடைந்தபோது, கீழே சொட்டிவிடக் கூடாதென்று, தங்களிடம் இருந்த ஒரே போர்வையால் கணவனும் மனைவியும் துடைத்தெடுத்தார்கள். பள்ளிவாசல் தெருவில் வீடு வைத்திருக்கும் நம்மில் சிலரோ, வெளியூர்க்காரர் என்று தெரிந்ததும் அட்வான்ஸை இரட்டிப்பாக்குகிறோம். பிள்ளைகள் மூன்று என்றால் கதவைச் சாத்துகிறோம். பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்திருக்கும் முஸ்லிம் தொழிலாளர்கள் ஜும்ஆவில் நம் ஸஃப்பில் நிற்கிறார்கள். அவர்களுக்கு எந்த ஜமாஅத்தில் பெயர் இருக்கிறது என்று நாம் கேட்டதுண்டா?

முதலில் சொன்ன குடும்பம் இப்போது கோம்பைத் தோட்டத்தில் இருக்கிறது. வாடகை முன்பைவிட அதிகம், அறை ஒன்று குறைவு. தாயார் பேத்தியைக் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுபோய் விடுகிறார். ஒரு வருடம் வீணானதால் தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு உட்கார அந்தப் பெண் முதலில் வெட்கப்பட்டாள். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு.

உங்கள் தெருவில் காலி வீடு இருந்தால் வாடகை, அட்வான்ஸ், நல்ல தண்ணீர் வரும் நாள், பக்கத்துப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்ற விவரங்களோடு நம் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அஸர் தொழுகைக்குப் பின் இஷா வரை அலுவலகம் திறந்திருக்கும்.