வெளியே தெரியக் கூடாத பெயர்கள்

பல நிரல்கள் ஓடும்போதே பகிர்ந்துகொள்ளும் நூலகத்தில், பிற நிரல்கள் பெயரிட்டு அழைக்கத்தக்க செயற்கூறுகளும் மாறிகளும் சிம்பல்கள் எனப்படும். விண்டோஸின் டிஎல்எல் கோப்பில், குறித்துக் கொடுத்த சிம்பல்கள் மட்டுமே வெளிப்படுகின்றன. லினக்ஸின் ஈஎல்எஃப் கோப்பிலோ, ஸ்டாட்டிக் என்று அடைக்காத யாவும் கேட்காமலேயே வெளிவந்துவிடுகின்றன. இதை மாற்ற, 2005இல் வந்த ஜிசிசி 4.0, அனைத்தையும் மறைக்கும் ‘விசிபிலிட்டி ஹிட்டன்’ தெரிவைத் தந்தது. அதை இட்டுப் பொதுவானவற்றை மட்டும் ‘டிஃபால்ட்’ எனக் குறிப்பது இன்று பலரும் செய்வதே ஆதலால், அதை விரிக்க வேண்டியதில்லை.

விரிக்க வேண்டியது, அந்தத் தெரிவோடு வேலை முடிந்தது என்னும் நம்பிக்கையையே. ஒரு நிறுவனத்துக்குப் படக்கோப்பு நூலகம் எழுதித் தந்த குழு, தன் மூலநிரல் முழுவதையும் அவ்வாறு மறைத்த பின், சுருக்கிய தரவை விரிக்கும் ஸீலிப் 1.2.3இன் நிலைக் காப்பகத்தை, அதாவது முன்பே தொகுத்து வைத்த ‘.ஏ’ கோப்பை, உள்ளே இணைத்துக்கொண்டது. அந்தத் தெரிவு தொகுக்கும் வேளையில் மட்டுமே செயல்படுவது என்பதால், அது இல்லாமல் தொகுக்கப்பட்டிருந்த காப்பகத்தின் சிம்பல்கள் அனைத்தும் வெளியே தெரிந்தன. ஆனால் அந்நூலகத்தைப் பயன்படுத்திய நிறுவனத்தின் நிரல் முறிந்ததோ படங்களில் அன்று. அவற்றோடு தொடர்பே இல்லாத, சுருக்கிய பதிவேடுகளைப் படிக்கும் பகுதியில்.

நிரலை ஏற்றும்போது பெயர்களைப் பொருத்தும் டைனமிக் லிங்கர், ஏற்றிய வரிசையில் முதலில் அகப்படுவதையே எடுத்துக்கொள்ளும். எனவே பதிவேட்டுப் பகுதி அழைத்த, தரவை விரிக்கும் ‘இன்ஃப்ளேட்’ செயற்கூறு படநூலகத்தின் பழைய பிரதிக்குச் சென்றது. பழைய பிரதியில் இல்லாத ‘இன்ஃப்ளேட்ரீசெட்2’ கணினியிலிருந்த புதிய ஸீலிப்புக்குச் சென்றது. உள்நிலைத் தரவின் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்க, ஒன்று எழுதியதை மற்றொன்று தவறாகப் படித்தது. பழி முழுவதும் பதிவேட்டுப் பகுதியை எழுதியவர் தலையில் விழுந்தது என்பதையும் இங்கே பதிவு செய்தல் தகும்.

அந்நிறுவனத்தின் மூத்த பொறியாளர் ஒருவர் ‘பிசிம்பாலிக்’ தெரிவே போதும் என்று அழுத்திச் சொன்னார். அது நூலகம் தன் பெயர்களைத் தானே பிடித்துக்கொள்ளச் செய்யுமேயன்றி, பிறர் அவற்றைப் பிடிப்பதைத் தடுக்காது. ஆகவே அதை மட்டும் இட்ட அடுத்த வெளியீட்டிலும் நிரல் அதே இடத்தில் முறிந்தது. தீர்வாக அமைந்தவை, காப்பகச் சிம்பல்களை வெளியே விடாத ‘எக்ஸ்க்ளூட் லிப்ஸ் ஆல்’ என்னும் இணைப்புத் தெரிவும், பொதுப் பெயர்களைக் ‘குளோபல்’ எனவும் எஞ்சியவற்றை ஒரே நட்சத்திரக் குறியால் ‘லோக்கல்’ எனவும் பிரிக்கும் பதிப்புக் கோப்புமே. இரண்டில் ஒன்று போதும் என்பார் உளர். பதிப்புக் கோப்பு ஒன்றே போதுமானது என்பதும் உண்மையே, எனினும் யாரேனும் அதை எடுத்துவிட்டால் காக்க மற்றது இருப்பது நல்லது.

பெயர்கள் மீண்டும் கசிகின்றனவா என்பதை மூலநிரலைப் பார்த்து முடிவு செய்யாமல், கட்டி முடித்த கோப்பையே ‘என்எம்’ கட்டளையால் ‘டி’ தெரிவோடு திறந்து, கிடைக்கும் பட்டியலை முந்தையதோடு ஒவ்வொரு கட்டுமானத்திலும் ஒப்பிட வேண்டும். டெபியன் லினக்ஸின் ‘டிபிகேஜி-ஜென்சிம்பல்ஸ்’ கருவி இவ்வேலையைச் செய்கிறது. ஆனால் இயல்பு நிலையில் அது காணாமற்போன பெயருக்கு மட்டுமே கட்டுமானத்தை நிறுத்தும். புதிதாகக் கசிந்த பெயருக்கும் நிறுத்த, அதன் ‘சி’ தெரிவின் அளவை 2ஆக உயர்த்த வேண்டும்.