சூரைச்செடியின் கீழே தனியாக



1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தில் எலியா சாவைக் கேட்கிறான். அதற்கு முன் அவன் செய்ததை நாம் கவனிக்கிறதில்லை. கூட இருந்த வேலைக்காரனை பெயெர்செபாவில் நிறுத்திவிட்டு, தனியே வனாந்தரத்துக்குப் போனான். வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடச் சொன்னான்; ஒரு தரம் அல்ல, இரண்டு தரம். பிற்பாடு எலிசா என்கிற துணையும் கிடைத்தது.

வேலூர் சி.எம்.சி. 1957-ல் பாகாயத்தில் மனநல மையம் ஆரம்பித்தது. அங்கே நோயாளியோடு வீட்டாரும் தங்குவார்கள். வியாதி இன்னதென்று அவர்களும் கற்றுக்கொள்கிறார்கள். வீடு திரும்பினபின் கவனிக்கிறது அவர்கள்தானே! 1950-களில் அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகரும் குடும்பத்தாரைக் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார்.

சரீரத்துக்கும் இது பொருந்தும். தனிமை மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை வியாதிக்கு வழி திறக்கிறது என்றும், வருஷத்துக்கு 8,71,000-க்கு மேற்பட்ட மரணங்களோடு அதற்குத் தொடர்புண்டு என்றும் உலக சுகாதார நிறுவனம் 2025-ல் அறிவித்தது.

நம்ம டவுணில் ரத வீதிகளுக்குப் பின்னால் எத்தனை தாய்மார் ஒத்தையில இருக்காங்க! பிள்ளைகள் சென்னையில், துபாயில். "ஒரு ஆளுக்கு எதுக்கு உலை வைக்க?" என்று ராத்திரி பட்டினி, மாத்திரையும் தவறிப்போகும். அவங்க "மனசு சரியில்ல" என்றால் உடனே விசுவாசக் குறைவு என்கிறார்கள் சிலர். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க, கூடவே உட்காருங்க.

இரண்டு ஞாயிறு ஆராதனைக்கு வராதவங்க வீட்டுக்கு இந்த வாரமே போங்க. நாலு இட்லி கொண்டு போங்க. ஜெபத்தைச் சுருக்கி, அவங்களைப் பேச விடுங்க.