வீட்டிலேயே அலுவலகம்: மலைநாட்டில் வீடு பார்ப்போர் கவனத்திற்கு

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. இன்று அந்த வளைக்குள்ளேயே அலுவலகமும் வந்து உட்கார்ந்துவிட்டது. 2020 மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது சென்னை, பெங்களூர், கொச்சி நகரங்களில் கணினி வேலை பார்த்த நம் பிள்ளைகள் பலர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அதே ஆண்டு நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையும் இத்துறை நிறுவனங்களுக்கான விதிகளைத் தளர்த்தி, வீட்டிலிருந்து பணிபுரிய வழி செய்தது. பின்னர் சில நிறுவனங்கள் எல்லோரையும் திரும்ப அழைத்தன. சில, வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்தால் போதும் என்றன. சில, வரவே வேண்டாம் என்று விட்டுவிட்டன.

இந்த எண்ணம் புதியதன்று. 1973இல் அமெரிக்காவில் ஜாக் நில்ஸ் என்ற பொறியாளர், அலுவலர்கள் வேலைக்குப் பயணம் போவதற்குப் பதிலாக வேலையைத் தொலைபேசிக் கம்பி வழியே அவர்களிடம் அனுப்பலாம் என்று சொல்லி, அதற்கு ஒரு பெயரும் சூட்டினார். எண்ணெய் நெருக்கடி வந்த ஆண்டு அது. அவர் சொன்னது உலகமெங்கும் நடைமுறைக்கு வர ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

சக்குபள்ளம், அணைக்கரை, வண்டன்மேடு, குமுளி வட்டாரத்தில் இப்படி வேலை பார்க்கும் பிள்ளைகளுக்காக வீடு வாங்கவோ கட்டவோ நினைக்கும் பெற்றோர் சிலர் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்லி வருவதையே இங்கே எழுதுகிறேன்.

ரயில் பாதை போடுகிறவனுக்கு முதல் பாடம் ஒன்று உண்டு. தண்டவாளம் தேய்ந்தால் மாற்றலாம். சிலீப்பர் கட்டை உடைந்தால் மாற்றலாம். ஜல்லியைச் சலித்துப் போடலாம். அடியில் இருக்கும் மண்மேடு சரியில்லை என்றால், மேலே எத்தனை முறை மாற்றினாலும் பாதை நிற்காது. வீடும் அப்படித்தான். தரைக்கல், வண்ணப்பூச்சு, சமையலறை மேடை ஆகியவற்றை எந்த ஆண்டும் மாற்றிக்கொள்ளலாம். நிலத்தின் சரிவு, அங்கே வந்து சேரும் அலைவரிசை, மின்கம்பி வரும் வழி, சாலை, பட்டா ஆகியவற்றை வாங்கியவர் மாற்ற முடியாது. நம்மவர்கள் முதல் பட்டியலைப் பார்த்து மயங்கி முன்பணம் கொடுக்கிறார்கள். இரண்டாவது பட்டியலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1. நிலம்

மலையில் வீட்டு மனை என்பது பெரும்பாலும் சரிவில் வெட்டி எடுத்த ஒரு படி. பின்புறம் வெட்டிய மண்சுவர். முன்புறம் அந்த மண்ணைக் கொட்டி உயர்த்திய திட்டு. இரண்டுக்கும் பகை தண்ணீர். மழைநீர் உள்ளே இறங்க இறங்க மண்ணின் எடை கூடுகிறது, துகள்களுக்கிடையே உள்ள பிடிப்பு தளர்கிறது. இதனால்தான் ரயில்வேயில் பாதைக்காக மலையை வெட்டினால், வெட்டின் தலைப்பில் ஒரு வடிகால் எடுத்து, மேலிருந்து வரும் நீரைப் பக்கவாட்டில் திருப்பி விடுவோம்.

ஆகவே வீடு பார்க்கப் போகிறவர் உள்ளே நுழையுமுன் வீட்டின் பின்பக்கம் ஏறிப் பார்க்க வேண்டும். மேலே வடிகால் உண்டா? தடுப்புச் சுவரில் நீர் கசிந்து வெளியேறத் துளைகள் விட்டிருக்கிறார்களா, அவை அடைபட்டிருக்கின்றனவா? சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா? சரிவில் உள்ள மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா? தரையில் சரிவுக்குக் குறுக்கே நீளமான வெடிப்பு ஓடுகிறதா? பழைய ஓடை ஒன்று வழி மாற்றப்பட்டு, அதன் மேல் வீடு நிற்கிறதா? கடைசிக் கேள்விக்குப் பக்கத்து வீட்டு முதியவர்களிடம்தான் விடை கிடைக்கும்.

வீட்டின் பாதி கெட்டி மண்ணிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நின்றால், கொட்டிய பக்கம் மெல்ல இறங்கும். சன்னல் மூலைகளில் சாய்வாக வெடிப்பு விழும். விற்பனைக்கு முன் அடித்த புது வண்ணத்துக்கு அடியில் அதைத் தேடுங்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்கள் மண்சரிவில் புதைந்தன. உடல் கிடைக்காதவர்களையும் சேர்த்து 70 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர். அந்தச் செய்தி வெளியே எட்டியதே மறுநாள் காலையில்தான். 2024 ஜூலை 30இல் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையில் நடந்ததையும் அறிவோம். பெட்டிமுடித் தொழிலாளர்கள் தங்கள் குடியிருப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். தோட்டம் கொடுத்த லயத்தில் இருந்தவர்கள். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நமக்கு இருக்கும்போது பின்பக்கம் ஏறிப் பார்க்கச் சோம்பல் படலாகாது. அலுவலகம் வெளியே இருந்தால் பகலில் பாதி நேரம் வீடு காலியாக இருக்கும். வீட்டிலேயே வேலை என்றால் இருபத்துநான்கு மணி நேரமும் அந்தச் சரிவின் கீழேதான் இருப்போம்.

2. மின்சாரமும் மின்னலும்

கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் துலாவர்ஷக் காலத்திலும் இடிமின்னல் அதிகம். பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை எச்சரிக்கையாக இருக்கும்படி மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்துகிறது. இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். குளிர்காலக் கணக்கில் லண்டனில் காலை 9 மணி என்றால் நமக்குப் பிற்பகல் 2.30. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 7.30. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்யும் பிள்ளைகளின் பணி நேரமும் மின்னல் நேரமும் ஒன்றாகவே வருகின்றன!

எனவே மின்னல் நேரத்தில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பாட்டரியிலேயே மடிக்கணினியும் இணைப்புப் பெட்டியும் ஓடும்படி ஏற்பாடு இருக்க வேண்டும். இணைப்புப் பெட்டிக்கென்று சிறிய தனிப் பாட்டரிகள் கடைகளில் கிடைக்கின்றன. சாதாரண மின்தடைக்கு இன்வர்ட்டர் போதும். அதன் கணக்கு எளிது. இரண்டு மடிக்கணினிகள் 130 வாட், இணைப்புப் பெட்டி 15 வாட், இரண்டு விளக்குகள் 20 வாட், ஆக 165 வாட். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் 1,800 வாட்-மணி இருக்கிறது. பாட்டரி நீடிக்க வேண்டுமானால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். 900ஐ 165ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். கடந்த மழையில் மின்சாரம் தொடர்ந்து எத்தனை மணி நேரம் நின்றது என்று அந்தத் தெருவில் கேட்டு, இந்த ஐந்து மணியோடு ஒப்பிடுங்கள்.

எர்த் குழி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், மின்பணியாளரைக் கொண்டு கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் இருப்பது நல்லது. பாறை நிலத்தில் அது எளிதில் கிடைக்காது. மண் காய்ந்திருக்கும் கோடையில் அளந்தால்தான் உண்மை தெரியும். மற்றொன்று, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குத் தானே அணையும் சுவிட்சு மனிதரை மின் அதிர்ச்சியிலிருந்து காக்கும். மின்னலால் கம்பியில் பாயும் திடீர் அழுத்தத்திலிருந்து கருவிகளைக் காக்க வேறு தடுப்பான் வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்கக்கூடாது.

3. இணைப்பு

விளம்பரங்களில் 100 மெகாபிட், 200 மெகாபிட் என்று போடுகிறார்கள். முகம் பார்த்துப் பேசும் கூட்டம் ஒன்றுக்குப் போகவும் வரவும் 2 முதல் 4 மெகாபிட் இருந்தாலே போதும். அது அறுபடாமல் இருக்க வேண்டும் என்பதே முக்கியம். பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்க்காமல் பதிவேற்ற வேகத்தையும் பாருங்கள். நம் குரலும் முகமும் அந்த வழியாகத்தான் போகின்றன.

ரயில்வேயில் ஒரு செய்தியை ஒரே கம்பியை நம்பி விடுவதில்லை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கும் இரண்டு வழி வேண்டும். ஆனால் ஒரே கம்பத்தில் போகும் இரண்டு கம்பிகள் இரண்டு வழி ஆகா. 2023 ஜூன் 5இல் தொடங்கிவைக்கப்பட்ட கேரள அரசின் கே-ஃபோன் ஒளியிழை மின்வாரியக் கம்பங்களின் மேல்தான் போகிறது. தனியார் கேபிள்களும் பல இடங்களில் அப்படியே. ஒரு மரம் கம்பத்தின் மேல் விழுந்தால் மின்சாரம், இணைப்பு இரண்டும் ஒன்றாகப் போகும். எனவே முதல் வழி ஒளியிழை என்றால் இரண்டாவது வழி கைப்பேசிக் கோபுரமாக இருக்கட்டும்.

கோபுர அலை மலையைத் துளைத்து வராது. நடுவில் ஒரு மேடு இருந்தால் அதன் மறுபுறம் நிழல் விழும். குறைந்த அதிர்வெண் அலைகள் ஓரளவு வளைந்து வரும், உயர்ந்தவை வாரா. முற்றத்தில் நன்றாகக் கிடைத்தது அறைக்குள் கிடைக்காமல் போகலாம். இரண்டு நிறுவனங்களின் சிம் கொண்டுபோய், மேசை போடப்போகும் அதே மூலையில் நின்று, நண்பகலில் ஒரு முறை, எல்லோரும் படம் பார்க்கும் இரவு 8 மணிக்கு ஒரு முறை, மழை நாளில் ஒரு முறை என மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் முகம் பார்த்துப் பேசிப் பாருங்கள். வீட்டுத் தரகர் "ஃபுல் ரேஞ்சு" என்று சொல்வதை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம்.

4. அறை

கதவு உள்ள ஓர் அறை வேண்டும். எட்டுக்குப் பத்து அடி போதும். கணவன் மனைவி இருவரும் வேலை பார்த்தால் இரண்டு அறை வேண்டும். நம் வீடுகளில் மகனுக்கு அறை, மருமகளுக்குச் சாப்பாட்டு மேசை என்று ஆகிவிடுகிறது. அவளும் அதே எட்டு மணி நேரம்தான் வேலை பார்க்கிறாள். குக்கர் விசிலும் வருவோர் போவோர் பேச்சும் அவள் கூட்டத்துக்குள் நுழைகின்றன. அவளுடைய வேலை போனால் வீட்டுக் கடனின் பாதித் தவணை போகும். வரைபடத்தைப் பார்க்கும்போதே "இது யாருடைய மேசை, அது யாருடைய மேசை" என்று பெயர் சொல்லிக் குறித்துவிடுவது நல்லது.

அறைக்கு மேல் தகரக் கூரை மட்டும் இருந்தால் இடவப்பாதி மழையில் ஒரு சொல்லும் கேளாது. கான்கிரீட் கூரைக்குக் கீழுள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் இருக்கிறதா, தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்பின் ஓசையும் நெடியும் சன்னல் வரை வருமா என்று வேலை நாளில் போய்ப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனால் எல்லா வீடும் அமைதியாகத்தான் இருக்கும்.

கிழக்குச் சன்னலில் காலை வெயிலும் மேற்குச் சன்னலில் மாலை வெயிலும் திரையில் அடிக்கும். வடக்குச் சன்னல் சிறந்தது. ஆனால் நம் பகுதி ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். ஆகவே அதற்கும் வெயில் மறைப்பு வேண்டும். மழை மாதங்களில் ஈரம் ஏறும் சுவரை ஒட்டிக் கணினி வைக்கலாகாது. பூசணம் பிடித்த வாடை அறையில் இருந்தால் காரணம் கேளுங்கள்.

5. பாதையும் பத்திரமும்

நீலகிரி மலை ரயிலின் பல்சக்கரப் பாதையே ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி வீதம்தான் ஏறுகிறது. அதைவிடச் செங்குத்தான வீட்டுப் பாதைகள் நம் மலையில் உண்டு. மழையில் ஆம்புலன்ஸ் ஏறுமா என்று பாருங்கள். மாதம் ஒரு முறை அலுவலகம் போக வேண்டியவர்களுக்கு நிலையம் எங்கே என்பதும் கணக்கு. இடுக்கி மாவட்டத்தில் ரயில் இல்லை. அகலப் பாதையாகி 2023 ஜூனில் போடிநாயக்கனூருக்குச் சென்னை ரயில் வந்தது நம் வட்டாரத்துக்குப் பெரிய வசதி.

பட்டா எந்தச் சட்டத்தின் கீழ், என்ன நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டது என்பதை வழக்கறிஞரைக் கொண்டு படிக்க வைப்பது அவசியம். ஏலமலைக் காட்டு நிலம் பற்றிய வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் புதிய பட்டா வழங்க இடைக்காலத் தடை விதித்ததை மறக்க வேண்டாம். கிராம அலுவலகத்தில் வரி ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றையும் சரிபாருங்கள். "பட்டா பின்னால் வந்துவிடும்" என்ற சொல்லுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

6. ஒரு மழைக்காலம்

கொங்கண் ரயில்வேயில் மழைக்காலத்துக்கென்று தனிக் கால அட்டவணை உண்டு. கோடையில் ஓடும் வேகம் மழையில் செல்லாது என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. நம் மலையில் வீடுகள் பெரும்பாலும் டிசம்பர் முதல் மே வரை, வெயில் நாளில்தான் காட்டப்படுகின்றன. இயன்றால் அதே பகுதியில் ஜூன் முதல் நவம்பர் வரை வாடகைக்கு இருந்து, அங்கிருந்தே வேலை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆறு மாத வாடகை, வீட்டு விலையில் மிகச் சிறிய பங்கு. அந்த ஆறு மாதத்தில் மின்சாரம் நின்ற நேரத்தையும் இணைப்பு அறுந்த நேரத்தையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். கிணற்று நீரைப் பற்றி மட்டும் மார்ச், ஏப்ரலில் ஒரு முறை போய் விசாரித்தால் போதும்.

முன்பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்விகளைச் சுருக்கித் தருகிறேன்.

அ. பின்சரிவின் நீர் எங்கே போகிறது?
ஆ. கடந்த மழையில் மின்சாரம் நின்ற மிக நீண்ட நேரம் எவ்வளவு?
இ. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இணைப்புகள் கிடைக்குமா?
ஈ. வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் கதவுள்ள அறை உண்டா?
உ. பட்டாவை வழக்கறிஞர் படித்துவிட்டாரா?

ஐந்துக்கும் நல்ல விடை கிடைத்தால், தரைக்கல் பழையதாக இருந்தாலும் அந்த வீட்டை வாங்கலாம். பணம் போடும் பெற்றோரும், அங்கே உட்கார்ந்து வேலை பார்க்கப் போகும் மகனும் மருமகளும், மகளும் மருமகனும் சேர்ந்தே போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள். நம் பிள்ளைகள் ஊரோடும் உறவோடும் இருந்தபடியே நல்ல வேலையும் பார்க்க இந்தக் காலம் ஒரு வழி திறந்திருக்கிறது. அதற்கேற்ற நல்ல வீடு எல்லோருக்கும் அமையட்டும்.