மூன்றாவது டிக்

மதுரையிலிருந்து சித்தி கூப்பிட்டபோது இரவு பத்தரை மணி. வழக்கமாக ஒன்பதுக்கே படுத்துவிடுபவர். யாரோ ஒட்டுக்கேட்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வாட்ஸப்ல எல்லாத்தையும் அழிச்சிட்டேன்ப்பா. நீயும் இப்பவே அழிச்சிரு. நாளைலருந்து கவர்மெண்ட்டு பாக்கப் போகுதாம்" என்றார்.

குடும்பக் குழுவில் வந்த ஒரு ஃபார்வர்டுதான் காரணம். இரண்டு நீல டிக் வந்தால் எதிராளி படித்துவிட்டார், மூன்று நீல டிக் வந்தால் அரசு குறித்துக்கொண்டது, டிக் சிவப்பானால் நடவடிக்கை, மூன்றும் சிவப்பானால் கோர்ட் சம்மன். பல வருடங்களாக நாடு முழுக்கச் சுற்றிவரும் செய்தி இது. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே இது பொய் என்று ஒன்றுக்கு மேற்பட்ட முறை அறிவித்திருக்கிறது. ஆனாலும் மறுப்பைவிடப் பொய்தான் அதிகக் குழுக்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சித்தி அழித்தவற்றில், இரண்டு வருடங்களுக்கு முன் காலமான சித்தப்பாவின் குரல்பதிவுகளும் போய்விட்டன. அதை அவர் உணர்ந்தது மறுநாள் காலையில். அன்று அவர் அழுததைக் கேட்ட பிறகுதான் இந்தப் பொய்களை வெறும் தொல்லை என்று கடந்துபோகக் கூடாது என்று முடிவுசெய்தேன்.

டிக் விஷயம் மிக எளிது. ஒரு சாம்பல் டிக் என்றால் செய்தி உங்கள் போனை விட்டுக் கிளம்பிவிட்டது. இரண்டு சாம்பல் என்றால் எதிராளியின் போனில் சேர்ந்துவிட்டது. இரண்டும் நீலமானால் திறந்து பார்த்துவிட்டார். குழுவில் எல்லாரும் பார்த்த பிறகுதான் நீலம் வரும். நீல நிறம் 2014 நவம்பரில் வந்தது. மூன்றாவது டிக் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அரசு உட்கார்ந்து எல்லார் செய்தியையும் படிக்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. 2016 ஏப்ரலிலிருந்து வாட்ஸப்பில் எல்லாருக்கும் இருமுனை மறையாக்கம் நடப்பில் உள்ளது. சிக்னல் ஆப்பை உருவாக்கிய குழு வகுத்த முறை அது. எளிமையாகச் சொன்னால், உங்கள் போனில் ஆப்பை நிறுவும்போதே ஒரு ஜோடிச் சாவி பிறக்கிறது. ஒன்று பூட்ட மட்டும் உதவும். அதை யாரிடமும் தரலாம். திறக்கும் சாவி உங்கள் போனை விட்டு வெளியே வராது. எனக்கு நீங்கள் அனுப்பும் செய்தி உங்கள் போனிலேயே பூட்டப்பட்டு என் போனில் திறக்கிறது. நடுவில் இருக்கும் நிறுவனத்தின் கையில் சாவி இல்லை. சந்தேகமாக இருந்தால் ஒருவரின் பெயரைத் தொட்டு உள்ளே போய்ப் பாருங்கள், 60 இலக்கப் பாதுகாப்பு எண் ஒன்று இருக்கும். இருவர் போனிலும் அது ஒன்றாக இருந்தால் நடுவில் யாரும் சாவியை மாற்றவில்லை என்று அர்த்தம்.

சித்தியிடம் இதைச் சொன்னதும் அவர் கேட்டது: "அப்ப எதுவுமே வெளிய போகாதுல்ல?"

இந்த இரண்டாவது நம்பிக்கை முதலாவதைவிட ஆபத்தானது என்று நினைக்கிறேன். பயந்தவர்கள் அழிக்கத்தான் செய்வார்கள். நிம்மதி அடைந்தவர்கள் ஆதார் அட்டை, வங்கிப் பாஸ்புக், பேத்தியின் பள்ளி அடையாள அட்டை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். பூட்டு இருப்பது பாதையில் மட்டும். இரண்டு முனைகளிலும் செய்தி திறந்தேதான் கிடக்கிறது. எதிராளி நினைத்தால் காட்டலாம். உங்களைப் பற்றி அவர் ரிப்போர்ட் செய்தால் நீங்கள் அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் வாட்ஸப்புக்குப் போகும். அவருடைய போனிலிருந்து அவர் சம்மதத்தோடு போவதால் மறையாக்கம் அதைத் தடுக்காது. கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ ஏறும் பேக்அப்புக்கும் இந்தப் பூட்டு தானாக வராது. 2021இல் அதற்கென்று தனி வசதி வந்தது. செட்டிங்ஸில் போய் நாமே கடவுச்சொல் வைத்து அதை இயக்க வேண்டும்.

போனே பிறர் வசமானால் எந்தப் பூட்டும் உதவாது. 2019இல் பெகாசஸ் உளவுமென்பொருள் ஒரு வாட்ஸப் அழைப்பின் வழியாகவே போனுக்குள் புகுந்தது. அழைப்பை எடுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. சுமார் 1,400 பேர் குறிவைக்கப்பட்டதாகச் சொல்லி, அதை உருவாக்கிய இஸ்ரேலிய நிறுவனத்தின் மீது வாட்ஸப் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. அது ஆளைத் தேர்ந்தெடுத்துச் செய்யும் வேலை. சித்தியைப் போன்றவர்கள் அஞ்ச வேண்டியது அதற்கல்ல.

என்ன பேசினோம் என்பது தெரியாவிட்டாலும் யாரோடு, எப்போது, எத்தனை முறை, எந்தக் குழுக்களில் என்பது வாட்ஸப் நிறுவனத்துக்குத் தெரியும். ஒரு பெண் இரவு பன்னிரண்டு மணிக்கு மகப்பேறு மருத்துவரோடும், பிறகு அம்மாவோடும், பிறகு வழக்கறிஞரோடும் பேசினார் என்று மட்டும் தெரிந்தால் போதாதா? எல்லா ஆப்பும் இதில் ஒன்றல்ல. 2016இல் அமெரிக்க நீதிமன்றம் ஒரு கணக்கின் விவரங்களைக் கேட்டபோது சிக்னலால் தர முடிந்தவை இரண்டே: கணக்கு தொடங்கிய நாள், கடைசியாக இணைந்த நாள். அதற்கு மேல் அவர்கள் எதையும் சேர்த்து வைத்திருக்கவில்லை.

இதைச் சொன்னால் உடனே, "அதனாலதான் நான் டெலிகிராம்" என்பவர்கள் உண்டு. டிஎன்பிஎஸ்சி படிக்கும் பிள்ளைகளிடம் இந்த நம்பிக்கை உறுதியாக இருக்கிறது. 2013இல் துரோவ் சகோதரர்கள் தொடங்கிய டெலிகிராமில் சாதாரண உரையாடலுக்கு இருமுனை மறையாக்கம் கிடையாது. ரகசிய உரையாடல் என்ற வசதியை நாமே தேடித் திறந்தால்தான் உண்டு. அதுவும் இருவருக்கு இடையில் மட்டும். இரண்டு லட்சம் பேர் வரை சேரக்கூடிய குழுக்களுக்கு அது கிடையவே கிடையாது. மற்ற உரையாடல்கள் நிறுவனத்தின் சர்வரில், அவர்கள் திறக்கக்கூடிய நிலையில் இருக்கின்றன. 2024 ஆகஸ்ட்டில் பாவெல் துரோவ் பிரான்சில் கைதான பிறகு, முறையான சட்டக் கோரிக்கை வந்தால் பயனாளரின் போன் எண்ணையும் ஐபி முகவரியையும் தருவோம் என்று டெலிகிராமே அறிவித்தது. பெரிய கோப்புகளை அனுப்ப நல்ல ஆப்தான். ரகசியத்துக்கு அல்ல.

குழு அட்மின்களின் கவலைக்கு ஒரு பதில் மதுரையிலேயே கிடைத்தது. குழுவில் யாரோ போட்டதற்கெல்லாம் அட்மின் ஜெயிலுக்குப் போவார் என்பது பரவலான பயம். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்று தொடர்பான வழக்கில், அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கு இல்லையென்றால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையிலிருந்து நீக்க வேண்டும் என்றது. அட்மினே அனுப்பினால், உடந்தையாக இருந்தால், கதை வேறு.

இனி, நான் அதிகம் கவலைப்படும் நம்பிக்கைக்கு வருகிறேன். "உண்மையோ பொய்யோ, நாலு பேருக்குத் தெரியட்டுமே, அனுப்பி வைக்கிறதுல என்ன நஷ்டம்?"

2018 மே 9. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வழியில் நிறுத்தி வழி கேட்டார்கள். அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருப்பதாக அந்த வாரங்களில் போன் போனாக ஓடிக்கொண்டிருந்தது. ஊர் திரண்டது. காரில் வந்தவர்களில் 65 வயது மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். குழந்தைக்கு இனிப்புக் கொடுப்பதைக் குற்றமாக நம் ஊரில் யாராவது நினைத்ததுண்டா? அந்த நினைப்பை ஊருக்குள் கொண்டுவந்தது, நஷ்டம் இல்லை என்று நினைத்துத் தட்டிவிட்ட விரல்கள்தான்.

அந்த ஆண்டு நாடு முழுக்க ஓடிய வீடியோ ஒன்றில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிப் போவார்கள். அது கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அவர்களே திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, எச்சரிக்கை எழுதிய பதாகையைக் காட்டுவதோடு அது முடியும். அந்த முடிவை யாரோ வெட்டிவிட்டார்கள். மிச்சம்தான் நம் போன்களுக்கு வந்தது.

தொடர்ந்த கொலைகளுக்குப் பிறகு 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸப் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலிலிருந்து, பலமுறை ஃபார்வர்டு ஆனது என்ற இரட்டை அம்புக்குறி இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்பலாம். அந்த இரட்டை அம்பைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள். முதலில் கிளப்பியவனைப் போலீஸ் பிடித்துவிடும் என்று நம்பியும் இருக்க முடியாது. ஒவ்வொரு செய்தியோடும் முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் சேர்க்கலாம் என்று சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழியை முன்வைத்தார். அது மறையாக்கத்தைக் குலைக்கும் என்று வாட்ஸப் எதிர்த்தது.

சித்தி நிஜமாகவே பயப்பட வேண்டிய செய்தி வேறு மாதிரி வரும். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும். "அக்கா, என் கோடு தப்பா உங்க நம்பருக்கு வந்திருச்சு, அந்த ஆறு நம்பரைச் சொல்லுங்களேன்." கேட்பவரின் கணக்கு அதற்கு முன்பே களவுபோயிருக்கும். அந்த ஆறு இலக்கம் உங்கள் கணக்கின் சாவி. சொன்ன நிமிடத்தில் உங்கள் பெயரில் வேறொருவர் உட்கார்ந்து, உறவினர்களிடம் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கேட்பார். அப்படி ஆகிவிட்டால் உங்கள் போனில் அதே எண்ணை மறுபடி பதிவுசெய்யுங்கள், திருடன் வெளியேறிவிடுவான். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930. அதற்கு முன்பே செய்ய வேண்டியது, செட்டிங்ஸில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைத் திறந்து ஒரு பின் எண் வைப்பது. சித்தி போனில் வைத்துக் கொடுத்தேன். சித்தப்பா வேலையில் சேர்ந்த வருடத்தை வைக்கப் பார்த்தார். ஆறு இலக்கம் வேண்டுமே என்று வேறொன்று யோசித்தோம்.

கடைசியாக, அழித்தால் அழிந்துவிடும் என்பது. எல்லாரிடமிருந்தும் நீக்கும் வசதிக்கு 2017இல் ஏழு நிமிடம்தான் கெடு. 2022இலிருந்து அறுபது மணி நேரம். அந்தக் கெடுவுக்குள் அழித்தாலும் எதிராளி ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கலாம், நோட்டிபிகேஷனில் படித்திருக்கலாம், படம் கேலரியில் ஏறியிருக்கலாம். கெடு தாண்டினால் உங்கள் போனில் மட்டும்தான் அழியும். கோபத்தில் அனுப்பிய வார்த்தைகளுக்கு இது கெட்ட செய்தி.

சித்திக்கு இது நல்ல செய்தியாக இருந்தது. சித்தப்பா பேசியதெல்லாம் குடும்பக் குழுவில். கோவையில் இருக்கும் தம்பி எதையும் அழிக்காதவன். போன் நிறைந்து வழிகிறது என்று சித்தியிடம் திட்டு வாங்குபவன். அவன் போனில் பதினான்கு குரல்பதிவுகள் இருந்தன. ஒவ்வொன்றாக அனுப்பினான். முதலில் வந்தது நான்கு நொடி. மேலே ஃபார்வர்டு செய்யப்பட்டது என்ற சிறிய எழுத்து. சித்தி அழுத்தினார்.

"மோட்டாரை அணைச்சியா? தொட்டி வழியப் போகுது."